சர்வீஸ் புக் தொலைஞ்சு போச்சு, காரை எப்படி விக்கிறது?

கேள்வி:
9 வருஷமா நான் மட்டுமே ஓட்டுன பெட்ரோல் கார், 84,000 கிலோமீட்டர் ஓடிருக்கு, இப்ப விக்கலாம்னு இருக்கேன். வீடு மாத்துனப்ப சர்வீஸ் புக் எங்கயோ போயிடுச்சு. முதல் 5 வருஷம் கம்பெனி சர்வீஸ்லதான் விட்டேன், அதுக்கப்புறம் தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட, அவர் குடுத்த பில்லையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வண்டிக்குள்ளயே வச்சிருந்தேன். நேத்து எடுத்துப் பாத்தா முக்காவாசி வெறும் வெள்ளைப் பேப்பர். ஒண்ணுல மட்டும் ஓரத்துல பேனாவுல எழுதுன கிலோமீட்டர் தெரியுது, அச்சடிச்ச எழுத்து ஒண்ணு கூட இல்ல.

பாக்க வந்த ஒருத்தர், புக் இல்லன்னா மீட்டரை கம்மி பண்ணிருப்பீங்கன்னுதான் யாரும் நினைப்பாங்கன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. ஒரு தடவை கூட ஆயில் மாத்துறத தள்ளிப்போடாதவன் நான், ரொம்ப கஷ்டமாயிடுச்சு. புது புக் வாங்கி சீல் அடிச்சுக்கோன்னு இன்னொருத்தர் ஐடியா குடுக்குறாரு, மனசு ஒப்பல. என்ன பண்ணலாம்?

பதில் 1:
ப்ரோ, அந்த சீல் வேலை வேணவே வேணாம், அது மோசடி, மாட்டுனா நீங்க உண்மையா பண்ண சர்வீஸையும் யாரும் நம்ப மாட்டாங்க. முதல் 5 வருஷ கணக்கு கம்பெனி கம்ப்யூட்டர்லயே இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்சியையும் 17 எழுத்து சேசிஸ் நம்பரையும் எடுத்துக்கிட்டு நீங்க விட்ட அதே சென்டருக்குப் போய் சர்வீஸ் ஹிஸ்டரி பிரின்ட் கேளுங்க. தேதி, கிலோமீட்டர், மாத்துன பார்ட்ஸ் எல்லாம் அதுல வரும்.

பதில் 2:
தம்பி, நான் வண்டி வேலை பாக்குறவன். வாங்குறவங்களுக்கு பயம் ரெண்டே விஷயத்துலதான், மீட்டர் உண்மையா, பெரிய செலவு எதுவும் வரப்போகுதா. மீட்டர் உண்மைன்னு காட்ட புக்ல இருக்குற சீல் முக்கியமே இல்ல, ஒவ்வொரு பேப்பர்லயும் இருக்குற கிலோமீட்டர் வரிசையா ஏறிக்கிட்டே வரணும் அவ்வளவுதான், அதனால டயர் மாத்துன பில், அலைன்மென்ட் பில், பேட்டரி வாரன்டி கார்டு, எதுல கிலோமீட்டர் எழுதிருந்தாலும் எடுத்து வைங்க. பேனாவுல எழுதுன அந்த பில்லையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

செலவுன்னா முதல்ல கேக்குறது டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் ஒண்ணோடொண்ணு இடிக்காம நேரம் தப்பாம ஓட வைக்கிற பெல்ட். உங்க இன்ஜின்ல பெல்ட்டா செயினான்னு மேனுவல்ல பாருங்க. பெல்ட்னா பல வண்டியில 60,000ல இருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லிருப்பாங்க, வருஷக் கணக்கும் தனியா உண்டு. அது ஓட்டத்துல அறுந்தா நிறைய இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிடும். நீங்க மாத்திட்டீங்கன்னு காட்ட முடியலன்னா வாங்குறவர் அந்த செலவை விலையில கழிக்கத்தான் பாப்பாரு, அதுல தப்பும் இல்ல. மாத்துனவங்க பெல்ட் கவர் மேல தேதி, கிலோமீட்டர் போட்டு ஸ்டிக்கர் ஒட்டிருக்காங்களான்னு பானெட்டைத் திறந்து பாருங்க.

இன்னொண்ணு, அந்த பில்லு தெர்மல் பேப்பர், மை இல்லாம சூட்டுல எழுத்து விழுற பேப்பர். பிளாஸ்டிக் கவர்ல வச்சாலே பல தடவை எழுத்து மங்கிடும், மிச்சம் இருக்குறத இன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க.

பதில் 3:
நான் வாங்குன பக்கத்துல இருந்து சொல்றேன். ஹிஸ்டரி இல்லாத கார் வாங்குனேன், வித்தவர் எல்லாம் பக்காவா பண்ணிருக்கேன்னு வாயால சொன்னாரு, 3 மாசத்துல கூலன்ட் (இன்ஜின் சூட்டைக் குறைக்கிற தண்ணி) டேங்க்கைத் திறந்தா துரு கலர்ல தண்ணி. வருஷக்கணக்கா யாரும் மாத்தல. அவர் முதல்லயே "இது மாத்தல"ன்னு சொல்லிருந்தா கூட நான் வாங்கிருப்பேன், மாத்திட்டு ஓட்டிருப்பேன். அதனால விளம்பரத்துலயே எழுதிடுங்க, எது வரைக்கும் பேப்பர் இருக்கு, எங்க இல்லன்னு. வாங்க வர்றவர் தனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து லிஃப்ட்ல ஏத்திப் பாக்கட்டும்னும் சேத்துப் போடுங்க, அந்த ஒரு வரியைப் பாத்தாலே எனக்கெல்லாம் பாதி சந்தேகம் போயிடும்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சென்டர்ல பிரின்ட் கிடைச்சிடுச்சு, 47,300 வரைக்கும் ஒரு சர்வீஸ் விடாம இருக்கு. மெக்கானிக் அண்ணன் கிட்ட போனேன், அவர் பழைய நோட்டுல என் வண்டி நம்பர் போட்டு 71,000 பக்கத்துல பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாத்துனதா எழுதி வச்சிருக்காரு, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கிட்டேன். நடுவுல ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒண்ணும் கிடைக்கல. கார்டுல பணம் கட்டுன எஸ்எம்எஸ் இருக்கு, ஆனா என்ன வேலைன்னு அதுல இல்ல. அதை அப்படியே விளம்பரத்துல எழுதிட்டேன், ஞாயித்துக்கிழமை ஒருத்தர் மெக்கானிக்கோட வர்றாரு.