மறு: வாய்ப் (VoIP) என்பதற்குத் தமிழில் எதை வைப்பது?

வணக்கம்.

> "இணையத் தொலைபேசி" எல்லாருக்கும் புரிகிறதே, இதற்கு மேல் என்ன விவாதம்?

புரிகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் வாய்ப் (வாய்ஸ் ஓவர் இன்டர்நெட் புரோட்டோகால்) என்பது குரலைத் துண்டுகளாக்கிக் கணினி வலையமைப்பு வழியே அனுப்பும் நுட்பம், அதன் வரலாற்றில் நடுவிலிருக்கும் ஒரு துண்டுக்குத்தான் அந்தச் சொல் பொருந்துகிறது. முன்னாலும் இடிக்கிறது, பின்னாலும் இடிக்கிறது.

முதலில் முன்னால் இருப்பதைப் பார்ப்போம். 1974 ஆகஸ்டில், இணையத்துக்கு முன்னோடியான அமெரிக்கக் கணினி வலையமைப்பு அர்ப்பாநெட் வழியாக, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கும் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே குரலைத் துண்டுதுண்டாக்கி அனுப்பிப் பேசியாயிற்று. அதற்கான நெறிமுறையை, அதாவது கணினிகள் தங்களுக்குள் பின்பற்றும் விதித்தொகுப்பை, உருவாக்கியவர் கணினி அறிஞர் டேனி கோஹென். 1977இல் அது ஆர்.எஃப்.சி. என்ற வலையமைப்பு நுட்ப ஆவண வரிசையில் 741 ஆக வந்தது. இன்றைய இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளான டி.சி.பி./ஐ.பி.க்கு அர்ப்பாநெட் மாறியதோ 1983 ஜனவரியில். அதாவது இன்று நாம் இணையம் என்று சொல்வது வருவதற்கு முன்பே குரல் பொதிகளில் (இப்படித் தனித்தனியாக அனுப்பும் துண்டுகளில்) ஏறிவிட்டது. இன்னும் சொல்லப்போனால், பொதியை முகவரிக்குக் கொண்டுசெல்லும் ஐ.பி. தனியாகப் பிரிந்ததற்கே குரல் ஒரு காரணம்: ஆரம்பத்தில் டி.சி.பி. என்று ஒரே நெறிமுறைதான், தொலைந்த பொதியைத் திரும்பக் கேட்டு வாங்கி வரிசை கெடாமல் கொடுக்கும், கோப்புக்கு அது வேண்டும், பேச்சுக்கு அது தொல்லை. ஒரு பொதி போனால் போகட்டும், அடுத்ததை உடனே கொடு என்பதுதான் பேச்சின் தேவை. கோஹென் இதை விடாமல் வாதாடினார், 1978 வாக்கில் இரண்டையும் பிரித்தார்கள், 1980இல், தொலைந்ததைத் திரும்பக் கேட்காத யூ.டி.பி. நெறிமுறை வந்தது. இன்றும் குரல் பெரும்பாலும் அதன் மேல்தான் போகிறது.

நடுத்துண்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் வெளியிட்ட மென்பொருளின் பெயரே "இன்டர்நெட் போன்". மோடம், ஒலி அட்டை, மைக் இருந்தால் போதும், ஆனால் தொடக்கத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடியும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நெடுந்தொலைவு அழைப்பு நிறுவனங்களின் சங்கம் ஒன்று இந்த வகை மென்பொருள் விற்பனையை நிறுத்தச் சொல்லி அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி.யிடம் மனுப் போட்டது, பலிக்கவில்லை. 2003இல் ஸ்கைப். இவற்றுக்கெல்லாம் "இணையத் தொலைபேசி" கச்சிதம்.

அப்புறம் 4ஜி வந்தது. 4ஜி வலையமைப்பில் பழைய மாதிரி இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சுற்றை (அந்த அழைப்புக்கே உரிய தனித்தடத்தை) ஒதுக்கி வைக்கும் ஏற்பாடே கிடையாது. சாதாரண எண்ணை அழுத்திப் பேசும் வோல்ட்டி (4ஜி வழிக் குரல்) அழைப்பும் ஐ.பி. பொதியாகத்தான் போகிறது, ஆனால் நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே போகிறது, போனில் டேட்டாவை அணைத்து வைத்தாலும் போகும். இதையும் "இணையத் தொலைபேசி" என்று எழுதினால், "நான்தான் நெட்டை அணைத்துவிட்டேனே" என்று பயனர் கேட்பார், கேட்க வேண்டியதுதான்.

> "குரல்வழி இணைய நெறிமுறை" என்று சில இடங்களில் பார்த்தேன்

அது தலைகீழ். குரல் வழியாக நெறிமுறை போவதாகப் பொருள் வருகிறது. ஆங்கிலச் சொல்வரிசையை அப்படியே எடுத்து வைத்ததால் வந்த வினை.

என் பரிந்துரை: பொதிக்குரல். 1974க்கும் பொருந்தும், வோல்ட்டிக்கும் பொருந்தும், ஏனென்றால் இதில் மாறாமல் இருப்பது பொதி மட்டுமே. வழக்கமான தொலைபேசிக் குரல் நொடிக்கு 8000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 8 பிட், ஆக நொடிக்கு 64,000 பிட். இதை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டினால் துண்டுக்கு 160 பைட், அதன் தலையில் முகவரி, வரிசை எண், நேரக்குறி என்று இன்னொரு 40 பைட். கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: பொதிக்குரல் அழைப்பு, பொதிக்குரல் நுழைவாயில். "பொதி" என்றதும் கழுதை நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் சிரித்திருந்தார். வரட்டுமே, சுமப்பதுதானே வேலை!

பொதுமக்கள் பார்க்கும் பொத்தானில் "இணைய அழைப்பு" என்றே இருக்கட்டும், அதை நான் தொடவில்லை. பொதிக்குரல் ஆவணங்களுக்கும் பாடநூலுக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு ஓடவில்லை: ஜிட்டர். சீரான இடைவெளியில் கிளம்பிய பொதிகள் முன்னும் பின்னுமாக வந்து சேர்வது. "நடுக்கம்" என்றால் பேசுபவரின் குரல் நடுங்குவதாகத் தோன்றும், அது வேறு நோய். இதைச் சமாளிக்கக் கேட்கும் முனையில் பொதிகளைக் கொஞ்சம் தேக்கிவைத்துப் பிறகு ஒலிக்கவிடுகிறார்கள், அதிகமாகத் தேக்கினால் பேச்சே பிந்திவிடும். ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் பரிந்துரை. "இடைவெளிப் பிசகு" என்று இப்போதைக்குக் கோப்பில் போட்டிருக்கிறேன், நீளமாக இருக்கிறது. சின்னதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.