பந்த் நாளில் ஒரு பஞ்சர்

பயணத்தில் வழியில் சந்தித்த, மறக்க முடியாத மனிதர்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதியதைப் படித்தேன். எனக்கும் சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். 2023 செப்டம்பர் 29, காவிரிக்காகக் கர்நாடகா முழுக்க பந்த் நடந்த நாள்.

நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். டிரையத்லான் பக்கம் வந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. ஒலிம்பிக் தூரம்தான்: 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். ஓடுவது அல்சூர் ஏரிப் பக்கம். அங்கே இருக்கிற திருவள்ளுவர் சிலையை 1991-இலிருந்து 2009 வரை மூடியே வைத்திருந்தார்கள். பள்ளி, கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகுதான் அவர் முகத்தை நான் பார்த்தேன். இன்றும் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஓடுவேன்.

1991 டிசம்பரில் எனக்குப் பதினோரு வயது. தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) காவிரி நீர் விடச் சொன்ன நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். அப்பா ஹெர்குலிஸ் சைக்கிளில்தான் தொழிற்சாலைக்குப் போவார். அன்று பாதி வழியிலேயே திரும்பி வந்து, எப்போதும் வாசலில் நிறுத்தும் சைக்கிளை வீட்டுக்குள் தூக்கி வைத்தார். டிபன் கேரியர் திறக்காமல் ஹேண்டில்பாரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"அப்பா, அம்மா, அக்கான்னு தாராளமா கூப்பிடு. கன்னடத்துலயும் அதேதான். வெளியில தாகம் எடுத்தா மட்டும் தண்ணின்னு கேக்காத. நீருன்னு கேளு."

அந்த வாரம் வீட்டிலும் நான் நீரு என்றே கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் சொம்பை நீட்டுவாள்.

சரி, பந்த் நாளுக்கு வருகிறேன். போட்டிக்குச் சில வாரமே இருந்தது. பந்த் ஆறு மணிக்குத்தான் தொடங்கும், அதற்குள் திரும்பிவிடலாம் என்று நாலரைக்கே கிளம்பினேன். அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் பின்சக்கரம் தட்டையானது. நல்ல இருட்டு. டியூபைக் கழற்றிவிட்டேன், குத்தியது எது என்று தெரியாமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். டயரின் உள்பக்கம் விரலை ஓட்டித் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பைக் நின்றது. வந்தவர் தோளில் கன்னடக் கொடியின் நிறத்தில் சிவப்பு மஞ்சள் துண்டு. எனக்கு வயிறு கலங்கியது.

அவர் செல்போன் டார்ச்சை டயர் மேல் பிடித்தார். முடி மாதிரி ஒரு கம்பித் துண்டு. நான் பம்ப் அடித்து முடிக்கிறவரை நகராமல் நின்றார். "மனெ எல்லி?" என்றார். அல்சூர் என்றேன். "தமிழா?" ஒரு நொடி தயங்கிவிட்டு, "ஹௌது" (ஆமாம்) என்றேன். தலையாட்டினார். சொந்த ஊர் மத்தூர் பக்கமாம். தம்பி நெல் போட்டிருக்கிறான், வாய்க்காலில் நீர் வரவில்லை என்றார். போராட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். என் மாமாவுக்கு ஒரத்தநாடு பக்கம் நிலம். அந்த வருடம் அவர் குறுவையும் காய்ந்தது. அதைச் சொன்னேன். "அவரிகூ ஹாகேனா?" (அவருக்கும் அப்படித்தானா?) என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

எனக்குக் கோபம் அரசியல்வாதிகள் மேல்தான், இரண்டு பக்கமும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. அப்போது குறைத்ததில் 4.75 பெங்களூருவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அதை நானும்தான் குடிக்கிறேன். ஆனால் மழை பொய்த்த வருடத்தில் பற்றாக்குறையை எப்படிப் பிரித்துக்கொள்வது? அதைப் பேசித் தீர்க்க அணை நிரம்பிய வருடங்கள்தான் வசதி. அந்த வருடங்களில் யாரும் வாயே திறப்பதில்லை. பந்துக்கு அடுத்த மார்ச்சில், 2024-இல், நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூருவில் உத்தரவு வந்து, நான் அறுபது நீளம் நீந்தும் குளமும் மூடியது. பயிற்சி கெட்டாலும் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கிளம்பும்போது அவர் என் சைக்கிளில் இருந்த காலி பாட்டிலைப் பார்த்தார். "நீரு பேக்கா?" என்று கேட்டு, தன் பையிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்து என்னுடையதை நிரப்பினார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறரை. அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முதலில் திட்டினார். நடந்ததைச் சொன்னதும் சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தார், பின்சக்கரத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"தண்ணின்னு கேட்டியா, நீருன்னு கேட்டியா?"

"நான் கேக்கலப்பா. அவரேதான் ஊத்தினார்."