வாடகை இல்லாமல் தாய்மாமா வீட்டில் இருக்கிறோம். மாதக் கடைசிக்குள் வெளியேறச் சொல்கிறார் அத்தான்

குடந்தை மகள்:
கும்பகோணத்தில் தாய்மாமா வீட்டின் பின்கட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அப்பா இறந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். "பின்கட்டு சும்மாத்தானே கிடக்கு, வந்து இரு" என்று அம்மாவை மாமாதான் கூட்டி வந்தார். வாடகை வாங்கியதே இல்லை. எழுத்திலும் ஒன்றும் கிடையாது. பின்கட்டில் கழிப்பறை இல்லாததால் அம்மா வளையலை விற்று, மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் கக்கூஸும் குளியலறையும் கட்டினார்கள்.

போன தையில் மாமா தவறிவிட்டார். சென்னையில் இருக்கும் அத்தான் வீட்டை விற்கப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் சாமானைத் தூக்கி வாசலில் வைத்துப் பூட்டுப் போடுவேன் என்று போனில் சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், படி ஏற முடியாது. கீழ்வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், அட்வான்ஸ் தொகையைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது.

வீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் இப்படித் தள்ள அவருக்கு அதிகாரம் உண்டா? 12 வருஷம் தாண்டினால் வீடு உங்களுக்கே என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நிஜமா?

அரசலாறு:
காலி பண்ணாதீங்க. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் அந்த விலாசத்துலதானே இருக்கு? கேஸ் போட்டா வருஷக்கணக்கா ஓடும். அதுக்குள்ள அவரே இறங்கி வருவார்.

தஞ்சை சிவில் வக்கீல்:
அம்மா, மேலே சொன்னதை நம்பி இறங்காதீர்கள். ரேஷன் கார்டு நீங்கள் அங்கே வசிப்பதைத்தான் காட்டும், உரிமையைக் காட்டாது. 12 வருஷக் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. சொந்தக்காரர் சம்மதத்தோடு குடியிருப்பது எத்தனை வருஷமானாலும் எதிரிடை அனுபவம், அதாவது சொந்தக்காரரின் உரிமையை மறுத்து வைத்திருப்பது, ஆகாது.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த வீடு யார் பேரில் இருந்தது? உங்கள் தாத்தா வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளான உங்கள் அம்மாவுக்கும் பங்கு உண்டு. அப்போது அவர் விருந்தாளியே அல்ல, பங்குதாரர். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

குடந்தை மகள்:
பார்த்துவிட்டேன் சார். மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்துச் சம்பாதித்து வாங்கியது. பத்திரம் அவர் பேரில்தான்.

தஞ்சை சிவில் வக்கீல்:
அப்படியானால் நீங்கள் 1882 ஈஸ்மெண்ட் சட்டம் சொல்லும் லைசென்ஸில், அதாவது வெறும் அனுமதியில் இருக்கிறீர்கள். வாடகை இல்லாததால் 2017 வாடகைச் சட்டமும் வாடகை நீதிமன்றமும் உங்களுக்கு வராது. வாரிசான அத்தான் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். ஆனால் அதே ஈஸ்மெண்ட் சட்டத்தின் 63ஆம் பிரிவு, வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தரச் சொல்கிறது. முழங்கால் முடியாத அம்மாவோடு கீழ்வீடு தேடுகிறவருக்கு எது நியாயமான அவகாசம் என்பதைப் போனில் ஒருவர் தீர்மானித்துவிட முடியாது.

60ஆம் பிரிவையும் பாருங்கள். அனுமதியை நம்பி நிரந்தரக் கட்டுமானம் செய்து செலவழித்தவரிடம் அனுமதியை ரத்து செய்ய முடியாது என்கிறது. ஒரு குளியலறையை வைத்து அந்த வாதம் கோர்ட்டில் நிற்பது சிரமம். ஆனால் பேச்சுவார்த்தையில் அந்தச் செலவைத் திருப்பிக் கேட்க அது நல்ல பிடி. கொத்தனார் கணக்கு, நகைக்கடைச் சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள்.

உங்களை வெளியேற்றக் கூடாது என்று தடை கேட்டு, அவசரப்பட்டு இன்ஜங்க்ஷன் வழக்குப் போடாதீர்கள். கோவாவில் சகோதரி வீட்டில் குடியிருந்த சகோதரர் தொடர்ந்த வழக்கில், இலவசமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவருக்கு வீட்டில் எந்தப் பாத்தியதையும் வராது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் போடும் வழக்கிலேயே உங்கள் உரிமை விசாரிக்கப்பட்டுத் தோற்றால், அதுவே சட்டப்படியான நடைமுறை ஆகிவிடும் என்றும் அதில் இருக்கிறது. பிறகு அத்தான் தனி வழக்குப் போட வேண்டியதே இல்லை.

வீட்டுக்காரன்:
நான் மறுபக்கத்தில் இருந்தவன். என் வீட்டில் சும்மா தங்கியிருந்த உறவினரைக் கிளப்ப வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். உட்கார்ந்து பேசினோம். தேதி குறித்து எழுதிக்கொண்டோம், அவர் அட்வான்ஸுக்கு நான் பணம் கொடுத்தேன். வீட்டை வாங்குகிறவர் காலி வீடாகத்தான் கேட்பார். உங்கள் அத்தானுக்கும் வழக்கு வேண்டாம் என்றுதான் இருக்கும்.

குடந்தை மகள்:
அதற்குள் ஆளோடு வந்து பூட்டினால்?

தஞ்சை சிவில் வக்கீல்:
காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வீட்டைக் காலி செய்து கொடுக்க போலீஸுக்கு அதிகாரம் இல்லை. மிரட்டலைத் தடுக்க உண்டு. கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்கும் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அவர்கள் மூலமே அத்தானை அழைத்துப் பேசச் சொல்லலாம். என்றைக்குக் காலி செய்வது, குளியலறைக்கு எவ்வளவு என்று இரண்டும் எழுத்தில் வரட்டும். அதுவரை வெற்றுப் பத்திரத்தில் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.