கல்லூரி மதிப்பெண் பட்டியலில் பிழை: விண்ணப்பத்துக்கு முன் யாரிடம் திருத்துவது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாய்: என் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கவிருக்கிறாள். அவளுடைய தொடக்கக் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் மேல்நிலைத் தேர்வுக்கான (ஏ லெவல்) எச்1 நிலைத் தமிழ்ப் பாடம் இடம்பெறவில்லை. கடப்பிதழில் உள்ள 'டி/ஓ'வும் ('இன்னாரின் மகள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) பெயரில் விடுபட்டுள்ளது. யாரை அணுகுவது?

பதில் 1: பட்டியலைத் தயாரிப்பது கல்லூரியே என்பதால், கடப்பிதழ் நகலுடன் அதன் அலுவலகத்துக்கே எழுதுங்கள், அம்மா. எச்1 தாய்மொழியைப் பலர் முதலாம் ஆண்டிலேயே எழுதிவிடுவதால், இரண்டாம் ஆண்டுப் பட்டியலை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. தமிழுக்காக அவள் உழைத்த உழைப்பை விட்டுவிடாதீர்கள்.

பதில் 2: மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வழக்கமாகப் பிப்ரவரியில்தான் வெளியாகின்றன. ஆகவே, ஜனவரித் தொடக்கத்தில் முடியும் விண்ணப்பங்களுக்குக் கல்லூரிப் பட்டியலே ஆதாரம். காமன் ஆப் என்ற இணைய விண்ணப்பத் தளத்தில் அதைக் கல்லூரி ஆலோசகரே பதிவேற்றுவார்; அதற்கு முன்பே ஒவ்வொரு வரியையும் மகளுடன் அமர்ந்து ஒப்பிடுங்கள்.

தாய்: மிக்க நன்றி. முதலாம் ஆண்டுப் பட்டியலையும் இன்றே கேட்கிறேன்.