அப்பா புயல் முகாமுக்கு வரமாட்டேன் என்கிறார், எப்படிப் பேசுவது?

வேதை மகன்:
எனக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. அப்பாவும் அம்மாவும் வேதாரண்யம் பக்கத்துல இருக்காங்க. ஓட்டு வீடு, கடலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் இதே பாடுதான். புயல்னு சொன்னதும் போன் போட்டு "முகாமுக்குப் போயிடுங்கப்பா"ன்னு கெஞ்சுவேன். "கஜாவுக்கே இந்த வீட்டுலதான்டா கிடந்தேன், இதெல்லாம் ஒரு காத்தா"ம்பார். அம்மாவுக்குப் பயம், ஆனா அவரை விட்டுட்டு நகரமாட்டாங்க. போன தடவை கத்திட்டேன். ரெண்டு நாள் பேசவே இல்லை. என்ன சொன்னா கேட்பார்?

ராஜா_தஞ்சை:
கஜா சேத வீடியோவை எல்லாம் அனுப்புங்க. பயம் வந்தா தானா கிளம்புவார்.

செல்வி டீச்சர்:
தம்பி, வீடியோ வேண்டாம். அந்தச் சேதத்தைக் கண்ணால பார்த்தவர் அவர். வழி தெரியாம பயம் மட்டும் ஏறினா மனுஷன் காதைப் பொத்திக்குவான்.

நான் 2018 நவம்பர் 15 அன்னைக்கு எங்க ஊர்ல வீடு வீடா போனவ. ஒரு பெரியவர்கிட்ட "மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல காத்து வருது"ன்னேன். "சரிம்மா"ன்னு கதவைச் சாத்திட்டார். அந்த எண் அவருக்குள்ள போகவே இல்லை. இருட்டுற நேரத்துல திரும்பப் போய், "ஐயா, எது உங்களைத் தடுக்குது?"ன்னு மட்டும் கேட்டேன். பேசாம கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். கறவை மாடு, பக்கத்துல பத்து நாள் கன்னு. கோயில் மேட்டுல கட்ட இடம் பார்த்துக் கொடுத்ததும் தலைக்குத் துண்டைக் கட்டிக்கிட்டு எனக்கு முன்னாடி நடந்தார்.

வங்காளதேசத்துல 1970 புயல்ல மூணு லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் 1972ல ஊர்க்காரங்களையே தொண்டர்களாச் சேர்த்து, கொடியும் மெகாபோனும் கொடுத்து எச்சரிக்கை சொல்ல வச்சாங்க. மாட்டை விட்டு மக்கள் வரமாட்டாங்கன்னு புரிஞ்சு, கால்நடை நிக்க மண்மேடு போட்டாங்க. அதுக்கு "கில்லா"ன்னு பேர். 2007ல சித்ர் புயல் அவ்வளவு வலுவா அடிச்சும் சாவு சுமார் 3,500 தான். தங்குமிடம், வானிலைக் கணிப்பு எல்லாம் கூடினதும் காரணம். ஆனா கதவைத் தட்டுறது தெரிஞ்ச முகமா இருந்ததை நான் பெருசா நினைக்கிறேன்.

உங்க அப்பா விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு. ஒரு தடவை தப்பிச்சவர் மனசு "இந்த வீடு தாங்கும்"னு பதிஞ்சு வச்சுக்கும். எவ்வளவு மயிரிழையில தப்பிச்சோம்ங்கிறது அழிஞ்சுடும். கஜாவுல முதல்ல வாடைப் பக்கமிருந்து அடிச்சுது. நடுவுல காத்து நின்னுச்சு. முடிஞ்சுதுன்னு வெளிய வந்தவங்க உண்டு. அப்புறம் தெக்கிலிருந்து திருப்பி அடிச்சுது. அந்த ராத்திரியை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்க. எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ஞ்சுது, எத்தனை ஓடு போச்சுன்னு கேளுங்க. குறுக்கே பேசாதீங்க. இதைப் புயல் நேரத்துல செய்யக் கூடாது. இப்பவே, வெயில் அடிக்கிறப்பவே செய்யுங்க.

மீனா_காரை:
டீச்சர் சொல்றது சரி. கூடவே பக்கத்து வீட்டையும் பாருங்க. மனுஷங்க எச்சரிக்கையைக் கேட்டதும் அடுத்தவன் கிளம்புறானான்னுதான் பார்ப்பாங்க. ஜப்பான்ல கமாய்ஷிங்கிற கடற்கரை ஊர்ல "முதல்ல ஓடுறவனா நீ இரு"ன்னு பசங்களுக்குப் பாடமாவே சொல்லிக் கொடுத்திருந்தாங்க. 2011 சுனாமியில நடுநிலைப்பள்ளிப் பசங்க ஓடுறதைப் பார்த்துத்தான், மூணாவது மாடிக்கு ஏறிட்ட பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்க இறங்கி மேட்டுக்கு ஓடினாங்க. தண்ணி அந்தப் பள்ளியோட மூணாவது மாடி வரைக்கும் வந்துச்சு. உங்க தெருவுல அப்பா மதிக்கிற ஒருத்தர் முதல்ல கிளம்பினா போதும்.

வேதை மகன்:
நேத்து ராத்திரி போன் போட்டு கஜா கதையைக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். அம்மாவைக் கட்டிலுக்கு அடியில படுக்க வச்சுட்டு, கதவு பிச்சுக்காம விடியற வரைக்கும் முதுகைக் கொடுத்து நின்னாராம். கொல்லைப் புளியமரம் வீட்டுக்கு நாலடி தள்ளி விழுந்திருக்கு. இத்தனை வருஷத்துல என்கிட்ட சொன்னதே இல்லை. எனக்குப் பேச்சே வரலை. முகாம்னு நான் வாயே திறக்கலை டீச்சர். மீனாக்கா சொன்ன மாதிரி, முதல் ஆளா கிளம்பச் சொல்லி எதிர் வீட்டுச் சித்தப்பாகிட்டயும் பேசியிருக்கேன். காலையில அப்பாவே கூப்பிட்டார். பள்ளிக்கூட முகாம்ல அஞ்சு ஆடு கட்ட இடம் இருக்குமான்னு விசாரிச்சுச் சொல்லச் சொல்றார்.