புதுப்பிப்பு: தலையில் அடிபட்ட தம்பிக்குச் சத்திக் குளிசை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன்

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. வெள்ளவத்தையில் பைக்கில் இருந்து விழுந்த தம்பிக்கு ஒரே வயிற்றைப் பிரட்டல், வீட்டில் கிடந்த டொம்பெரிடோன் என்ற சத்திக் குளிசையைக் கொடுக்கவா என்று கேட்டேன். "ஒன்றும் கொடுக்க வேண்டாம், இரண்டாம் தரம் சத்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி" என்று தாதியாக இருக்கும் அக்கா எழுதினாரே, அதுதான் சரி. அன்றிரவே இரண்டாம் தரமும் எடுத்தான், ஓட்டோ பிடித்து ஓடினோம்.

சிடி ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை, மூளை அதிர்ச்சி மட்டும்தான். அதற்குப் பிறகுதான், இதயக் கோளாறு ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு, ஒன்டான்செட்ரோன் என்ற வேறொரு சத்திக் குளிசை 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிரட்டல் அடங்கி, கஞ்சி குடித்தான்.

ஆனால் தலையிடியும் தலைச்சுற்றும் அப்படியே இருந்தன. குளிசை குமட்டலை மட்டும்தான் நிறுத்தும், மூளையை ஆற்றாதாம். இரண்டு நாள் ஓய்வு, போனைப் பறித்து வைத்தது (பெரிய சண்டை), அப்புறம் மெல்ல நடை, இவற்றோடுதான் அவை குறைந்தன.

எதிர்பாராதது மலச்சிக்கல். அதுவும் இந்தக் குளிசையின் பக்கவிளைவுதானாம், மூன்றாம் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போது வேலைக்குப் போகிறான், பைக் சாவி மட்டும் இன்னும் அம்மாவிடம்.