கோர்க் பொலிசிக்ஸ்: பற்றரி கசிந்த சுற்றுப் பலகையைக் காப்பாற்ற உதவி தேவை

வெள்ளவத்தையிலிருந்து கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானில் பாவித்த பொருட்களை இறக்கி விற்கும் கடையொன்றில் சென்ற மாதம் ஒரு கோர்க் பொலிசிக்ஸ் சிந்தசைசரைக் கண்டு, விலை பேசி, முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் குறுக்காக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 1981ஆம் ஆண்டு வெளிவந்த கருவி இது. ஆறு குரல்கள் (ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும்), 61 கட்டைகள், 32 ஒலிகளைச் சேமிக்கும் நினைவகம். என் சித்தப்பா எண்பதுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் இதே வகைக் கருவியை வாசித்தவர் என்பதால், இதை அலங்காரப் பொருளாக வைத்திருக்க எனக்கு மனமில்லை. வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கடைக்காரர் 110 வோல்ற் ட்ரான்ஸ்போமர் ஒன்றில் செருகிக் காட்டியபோது விளக்குகள் எரிந்தன, ஒலியும் வந்தது. ஆனால் ஒலிகளைத் தெரிவு செய்யும் பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் வேறொன்றின் விளக்கு எரிந்தது. ஆறு குரல்களும் சுருதி விலகி ஒலித்தன. பத்து நிமிடங்களில் ஒலி முற்றாக நின்றுவிட்டது. வீட்டில் மேற்பலகையைத் திறந்து பார்த்தேன். கேஎல்எம்-367 என்று அச்சிடப்பட்ட பலகையின் ஓரத்தில் மூன்று கலங்களை ஒன்றாகச் சுற்றிய பற்றரியொன்று இருக்கிறது. அதன் அடியில் வெண்ணிறப் பொடி படிந்திருக்கிறது. அதிலிருந்து விரற்கடை தூரம் வரை செப்புத் தடங்கள் மயில்துத்த நிறமாகி, சில இடங்களில் கறுத்தும் போயிருக்கின்றன. இதனைத் திருத்த முடியுமா? ஆறு குரல்களின் வடிகட்டிச் சில்லுகளையும் வெளிநாட்டிலிருந்து வருவிக்க வேண்டியிருக்குமா? ஈயம் பற்றவைக்க ஓரளவு பழக்கம் உண்டு; மீற்றரும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து பதில்

தம்பி, முதலில் அந்தக் கருவிக்கு மின்சாரம் கொடுப்பதை நிறுத்துங்கள். வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளோடு முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கண்ட குறைகள் அனைத்துக்கும் அந்த ஒரே பலகை காரணமாக இருக்கலாம். முன்பக்கக் குமிழ்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் படித்து, அதற்கேற்ற மின்னழுத்தங்களை எல்லாக் குரல்களுக்கும் அனுப்புவது அந்தப் பலகைதான். அங்கே ஒரு தடம் அறுந்தால் ஆறு குரல்களும் ஒன்றாகக் கெட்டுப்போனது போலத் தோன்றும். ஆகவே சில்லுகள் எதையும் இப்போது வாங்க வேண்டாம்.

அது நிக்கல்-கட்மியம் பற்றரி. கசியும்போது வெளிவருவது அமிலமன்று, காரம். அதனால்தான் பற்றரியின் இரு கால்களையும் வெட்டி அகற்றிய பின், தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ பஞ்சுக்குச்சியில் தொட்டு, பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் தடவச் சொல்கிறோம். சில இடங்களில் மெல்ல நுரைக்கும். சில நிமிடங்கள் கழித்து, வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். சாறு தங்கிவிட்டால் அதுவும் செம்பை அரிக்கும். கடைசியாக ஐசோபுரோபைல் அல்ககோலில் பழைய பற்தூரிகையை நனைத்துத் துடைத்து, ஒரு நாள் முழுவதும் மின்விசிறியின் முன் உலரவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், கட்மியம் நஞ்சு. வெட்டிய பற்றரியை வீட்டுக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள்.

அதன் பிறகுதான் பொறுமைக்கு வேலை. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பச்சை மேற்பூச்சைக் கத்திமுனையால் மெதுவாகச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பின் மெல்லிய ஈயப்பூச்சுக் கொடுங்கள். பழுது, கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. மேற்பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கும். ஆதலால் திருத்தக் கையேட்டின் மின்சுற்று வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியின் ஒவ்வொரு தடத்தையும் முனைக்கு முனை மீற்றரால் சோதியுங்கள். சில்லின் காலில் ஒரு முனையை வையுங்கள், அந்தக் காலை ஈயத்தால் பற்றவைத்திருக்கும் செப்பு வட்டத்தில் வைக்க வேண்டாம்; காலுக்கும் வட்டத்துக்கும் இடையிலேயே தொடர்பு அறுந்திருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தெகிவளையிலிருந்து பதில்

அண்ணர் சொன்னவற்றோடு புதிய பற்றரியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கருவியை நிறுத்திய பின்னும் நினைவகத்தைக் காக்கும் பழைய பற்றரி 3.6 வோல்ற், கருவி இயங்கும்போதெல்லாம் சுற்று அதற்கு மின்னேற்றிக்கொண்டே இருக்கும். பலர் அந்த இடத்தில் 3 வோல்ற் லிதியம் நாணயக் கலத்தை நேராகப் பொருத்திவிடுகிறார்கள். மின்னேற்றக் கூடாத கலத்துக்கு மின்னேற்றினால் அது வீங்கிக் கசியும், வெடிக்கவும் கூடும். கலத்தோடு தொடராக ஒரு ஷொட்கி டயோட் வைத்து, மின்னோட்டம் கலத்திலிருந்து நினைவகத்துக்கு மட்டும் போகும்படி செய்ய வேண்டும். அதில் இழக்கும் மின்னழுத்தம் சொற்பம். எஞ்சுவது நினைவகத்துக்குப் போதும். கலத்தைப் பலகையில் பொருத்தாமல், தாங்கியில் வைத்து, இரண்டு கம்பிகளால் இணைத்துப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். இனியொரு காலம் கசிந்தாலும் பலகைக்குச் சேதம் வராது.

பெட்டி திறந்திருக்கும்போதே எல்லா மின்தேக்கிகளையும் மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. நாற்பது வருடம் கடந்த பொருளல்லவா?

கொட்டாஞ்சேனையிலிருந்து பதில்

டயோட் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. மின்தேக்கிகள் விடயத்தில் நான் உடன்படவில்லை. மின்வழங்கிப் பகுதியின் பெரிய மின்தேக்கிகளை மாற்றுவது நியாயம். ஆனால் குரல் பலகைகளில் இருப்பவற்றைக் காரணமின்றிக் கழற்றினால், பழைய பலகையின் செப்பு வட்டங்கள் சூட்டில் உரிந்து வரும். இருந்த ஒரு பழுது பத்தாகும். ஒரு பழுதைத் திருத்தி, சோதித்து, அதன் பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

மின்சாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத் தகட்டில் 100 வோல்ற் என்றிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். நமது 230 வோல்றில் நேரே செருகினால் உருகி (ஃபியூஸ்) எரிந்துபோகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் ட்ரான்ஸ்போமரும் போகும். கடைக்காரரின் 110 வோல்ற் ட்ரான்ஸ்போமரும் உகந்ததன்று. நம் வீட்டு மின்சாரம் 240ஐத் தொடும் நேரத்தில் அது 115க்கு அருகில் கொடுக்கும், மிகுதியெல்லாம் உள்ளே வெப்பமாகும். 100 வோல்ற் கொடுப்பதையே தேடுங்கள். கிடைக்காவிட்டால் புறக்கோட்டையில் சொல்லிச் சுற்றுவிக்கலாம். கிழக்கு ஜப்பானிலும் 50 ஹேர்ட்ஸ்தான், ஆகவே அதிர்வெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 230 வோல்ற் பக்கத்தில் ஒரு 60 வொட் இழை மின்குமிழைத் தொடராக இணையுங்கள். குமிழ் பிரகாசமாக எரிந்தபடியே இருந்தால் எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது என்று உடனே நிறுத்திவிடலாம்.

வெள்ளவத்தையிலிருந்து

அண்ணா, இரண்டு வார இறுதிகளை இதற்கே கொடுத்தேன். தேசிக்காய்ச் சாறு பட்டதும் பற்றரி இருந்த இடத்தில் நுரை எழுந்ததைப் பார்த்தபோது, எவ்வளவு காரம் உள்ளே ஊறியிருக்கிறது என்று புரிந்தது. சுரண்டிய பின் நான்கு தடங்கள் அறுந்திருந்தன. மூன்று கண்ணுக்கே தெரிந்தன. நான்காவது, நீங்கள் சொன்னபடி ஒரு சில்லின் காலுக்கும் அதன் வட்டத்துக்கும் இடையில் இருந்தது. வெளித்தோற்றத்தில் ஈயம் நன்றாகவே இருந்தது, தொடர்பு இருந்தால் ஒலிக்கும் மீற்றர் மட்டும் ஒலிக்கவில்லை. நான்கையும் மெல்லிய ஒற்றை இழைக் கம்பியால் இணைத்தேன்.

மின்குமிழைத் தொடராக வைத்து மின்சாரம் கொடுத்தபோது, அது ஒரு கணம் ஒளிர்ந்து மங்கியது. குமிழை அகற்றி அளந்ததில் மின்வழங்கியின் +15, -15, +5 வோல்ற் மூன்றும் சரியாக இருந்தன. பொத்தான்கள் இப்போது தத்தமது விளக்குகளையே ஏற்றுகின்றன. நினைவகத்தில் குப்பைதான் இருந்தது. சேமித்த ஒலிகளை ஒலிநாடாவிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றும் துவாரத்தில் கைத்தொலைபேசியை இணைத்து, தொழிற்சாலை ஒலிகளின் பதிவை ஓடவிட்டேன். முதல் இரண்டு முறை ஏற்கவில்லை. ஒலியளவைக் கூட்டிய பின் ஏற்றுக்கொண்டது. பழைய ட்ரான்ஸ்போமர்தான் இன்னும் பாவனையில் இருக்கிறது. 100 வோல்றுக்கு ஒன்று சுற்றக் கொடுத்திருக்கிறேன், வரும் சனிக்கிழமை கிடைக்கும்.

ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. ஐந்து குரல்கள் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. நான்காவது குரல் மட்டும் சுருதி கூடி ஒலிக்கிறது, அரை மணி நேரத்தில் சற்றுக் கீழே இறங்குகிறது. இதற்காவது சில்லு மாற்ற வேண்டுமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து பதில்

வேண்டாம் தம்பி. இதில் ஒவ்வொரு குரலுக்கும் சுரத்தை உண்டாக்கும் தனித்தனி அலையியற்றி உண்டு. அவை சூடேறும்போது சுருதி நகர்வது இயல்பு. புதிய ட்ரான்ஸ்போமர் வந்த பிறகு, பெட்டியை மூடி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பின் கையேட்டின் வரிசைப்படியே ஒவ்வொரு குரலின் சுருதியைச் சீராக்கும் சிறு திருகுகளையும் சரிசெய்யுங்கள். 110 வோல்ற் வெப்பத்தில் இன்று சரிசெய்தால், சனிக்கிழமை மறுபடியும் செய்ய நேரிடும். திருகைத் தொடுமுன் அது நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது குரலின் திருகைத் தொட்டதும் சுருதி துள்ளினால் அந்தத் திருகுக்குள்தான் அரிப்பு, புதியது ஒன்று போட்டால் தீரும்.

வெள்ளவத்தையில் கடற்காற்று நேரே வீட்டுக்குள் வருமென்பதால், வாசிக்காத நேரங்களில் துணியால் மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகள் இரண்டை வையுங்கள். மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.